ஏர் எடுத்த காலம்

டீசல் வண்டி இருந்த வீட்டை அந்தக் காலத்தில் விலாசம் கேட்டுத் தேட வேண்டியதில்லை. வாசல் மண் ஒரு பக்கம் கறுத்துக் கிடக்கும், திண்ணையோரம் பாதியாக அறுத்த ஆயில் கேன் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும், கொடியில் எத்தனை முறை துவைத்தாலும் வெளுக்காத காக்கிச் சட்டை ஒன்று தொங்கும், உள்ளே நுழைந்தால் சாம்பார் வாசனைக்குப் பின்னாலிருந்து டீசல் வாசனை எட்டிப் பார்க்கும். உங்கள் வீட்டிலும் அப்பாவோ சித்தப்பாவோ வேன் ஓட்டியிருந்தால், அல்லது தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் ஒன்று விடிய விடியத் தண்ணீர் இறைத்திருந்தால், இந்த வரியைப் படிப்பதற்குள் அந்த வாசனை உங்கள் மூக்குக்கும் வந்திருக்கும்.

எங்களுக்குத் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை இந்தியாவின் மூலை முடுக்குக்கெல்லாம் அனுப்பிய ஊர். அங்கே பிறந்த பையனுக்கு அர்த்தநாரீசுவரர் மலைக்கு எத்தனை படி என்று தெரியாமல் இருக்கலாம், டீசல் எந்தக் குழாய் வழியாக எங்கே போகிறது என்று தெரியாமல் இருக்கக் கூடாது. ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள் என்றால், அந்த வீட்டில் ஆண்கள் யாரும் ஊரில் இல்லை போலிருக்கிறது என்றுதான் பேச்சு வரும்.

மாமாவிடம் முதலில் இருந்தது ஒரு டீசல் ஜீப். அதன் ஏர் ஃபில்டரைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் சமையல் பாத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடியில் ஓர் இரும்புக் கிண்ணம், அதில் கோடு போட்ட மட்டத்துக்கு இன்ஜின் ஆயில், மேலே கம்பிவலை, அவ்வளவுதான். உள்ளே பாய்ந்து வரும் காற்று ஆயிலின் தலைக்கு மேல் சட்டென்று வளைந்து மேலேற வேண்டும். காற்று வளைந்துவிடும், தூசுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, வந்த வேகத்தில் நேரே ஆயிலில் விழுந்து அடியில் தங்கிவிடும். மிச்சம் மீதி தப்பியது ஆயில் நனைந்த கம்பிவலையில் ஒட்டிக்கொள்ளும். தூசு ரோட்டில் ஓடிய வாரம் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு இருக்கும். வழித்துப் போட்டு, டீசலில் கழுவி, புது ஆயில் ஊற்றி மூடினால் வேலை முடிந்தது. வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லை. அந்த ஃபில்டரை விற்றவன் மறுபடி நம் முகத்தில் விழிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு பொருளைச் செய்திருக்கிறான் என்பதை இப்போது நினைத்தால் அவன் வியாபாரியா சாமியாரா என்று சந்தேகமாக இருக்கிறது.

பிறகு ஜீப்பை விற்று மெட்டடார் வாங்கினார். பூனாவில் பஜாஜ் டெம்போ 1969இல் செய்ய ஆரம்பித்த வேன். கல்யாண வீடு, பள்ளிக்கூடம், பழனி, கொல்லிமலை என்று நம்மில் பாதிப்பேரை மடியில் ஒரு குழந்தையோடு ஏற்றிக்கொண்டு போனது அதுதான். கம்பெனி 2005இல் ஃபோர்ஸ் என்று பெயர் மாறிவிட்டது, எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு எந்த வேனைப் பார்த்தாலும் இன்னும் மெட்டடார்தான். அதில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, வண்டிக்கு உள்ளே, ஒரு மூடிக்குக் கீழே இருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தவருக்கு ஒரு தொடை வேகும். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள், அந்த மூடிமேல் வைத்த புளிசாதப் பொட்டலம் அப்போதுதான் கிளறியது போலச் சூடாகிவிடும். ஆனால் வேலை செய்ய அந்த மாதிரி வசதி வராது. மூடியைத் தூக்கினால் இன்ஜின் முழுதும் முழங்காலுக்குப் பக்கத்தில். மழை பெய்தால்கூட நனையாமல், டேப்பில் இளையராஜாவைப் பாடவிட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஸ்பேனர் போடலாம்.

மெட்டடாருக்கு ஏர் ஃபில்டர் காகிதம். சேலைக் கொசுவம் போல நெருக்கி மடித்து வட்டமாக வளைத்த காகிதம். ஒரு லிட்டர் டீசல் எரிய பத்தாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்த கணக்கு. அத்தனை காற்றும் அந்தக் காகிதத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அது என்ன பாடு பட்டிருக்கும். மாமாவுக்குக் கணக்கு தேவைப்படவில்லை. கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்பார். வெளிச்சம் தெரிந்தால் டயரில் நாலு தட்டு, பஞ்சர் கடையில் உள்பக்கமிருந்து வெளியே காற்றடித்து மறுபடி மாட்டுவது, தெரியாவிட்டால் புதுசு. மடிப்புக்குள் என்ன நிறத்தில் தூசு என்று பார்த்தே வண்டி எங்கே போய்வந்தது என்று சொல்லிவிடுவார். சங்ககிரிப் பக்கம் ஓடியிருந்தால் சுண்ணாம்பு வெள்ளை, எங்கள் தோட்டத்துப் பக்கம் என்றால் செம்மண், தறிக்காரர்கள் வாடகைக்கு எடுத்துப் போயிருந்தால் மேலே ஒரு படலம் பஞ்சு. நான் நண்பர்களை ஏற்றிக்கொண்டு சொல்லாமல் போய்வந்த சில சாலைகள்கூட இந்த மடிப்புக்குள் எழுதப்பட்டிருந்தன என்பது, அவர் ஃபில்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபோது எனக்கு விளங்கியது.

இன்றைக்குச் சொல்கிறார்கள், தட்டக் கூடாதாம், காற்றடிக்கக் கூடாதாம், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்துவிடுமாம். இன்னொன்றும் சொல்கிறார்கள், அதுதான் என்னை உலுக்கியது: முற்றிலும் புது ஃபில்டரைவிடக் கொஞ்சம் தூசு படிந்த ஃபில்டர் இன்னும் நன்றாக வடிகட்டுமாம், படிந்த தூசே சல்லடையாகிவிடுவதால். ஆக, ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் பக்தி சிரத்தையாகத் தட்டித் தட்டி விரட்டியது வண்டியின் காவல்காரனை. மாமாவிடம் இதைச் சொல்லியிருந்தால், "அப்ப உம்பட தலைக்கும் குளிக்காம விட்டா மூளை நல்லா வேல செய்யும்னு சொல்லு" என்றிருப்பார்.

டீசல் ஃபில்டர்தான் பெரிய வேலை. பெரிய வேலை என்பதால் பெரிய சுகம். டேங்கிலிருந்து வரும் டீசலைக் கைப்பம்பு வைத்த சின்ன ஃபீட் பம்பு உறிஞ்சி, முதல் ஃபில்டருக்குத் தள்ளும், அது துணி. அதைத் தாண்டி இரண்டாவது, அது காகிதம். அதற்கப்புறம்தான் டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் மைக்கோ பம்பு. 1951இல் தொடங்கி பெங்களூரு ஆடுகோடியில் ஆலை போட்ட மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டதைப் பட்டறைகளுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. இன்றும் அது மைக்கோ பம்புதான், அதற்கு வைத்தியம் பார்க்கிறவர் பம்பு மெக்கானிக்தான், அவர் பட்டறைக்குள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பம்புக்குள் தூசோ தண்ணீரோ போய்விட்டால் வண்டி அந்த மாதம் சம்பாதித்ததை அப்படியே அவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், ஃபில்டர் மாற்றுகிற நாளில் எங்கள் வீட்டில் யாரும் வாசல் கூட்டக் கூடாது என்பது சட்டம். அத்தை துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே மாமா திரும்பிப் பார்ப்பார்.

டீசல் ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்ப்பது முதல் சடங்கு. டீசல் மேலே நிற்கும், தண்ணீர் அடியில் தங்கும், இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது போலத் தெரியும். எந்த பங்க்கில் கடைசியாக அடித்தோம் என்று அங்கேயே பஞ்சாயத்து நடக்கும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருந்த காலம். அதைக் கலந்து விற்கிறவர்களும் இருந்தார்கள், பேர் எதற்கு, அவர்கள் பேரன்களெல்லாம் இப்போது நன்றாகப் படித்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். பழைய ஃபில்டரை எடுத்துப் போட்டு, கிண்ணத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து - திருப்பூரில் தைத்து மிஞ்சிய துண்டுகள் கிலோ கணக்கில் வந்து ஒவ்வொரு பட்டறையிலும் கிடக்கும், ரோஸ் நிறம், மஞ்சள் நிறம், சில சமயம் வெளிநாட்டுக் குழந்தைக்காக அச்சடித்த பொம்மைப் படத்தின் பாதி முகம் - ரப்பர் வளையத்தில் டீசலைத் தடவி உட்காரவைத்து, புது ஃபில்டருக்குள் டீசலை நிறைய ஊற்றி, அலுங்காமல் மாட்டி முறுக்க வேண்டும். ஊற்றாமல் காலியாக மாட்டுகிறவனை மாமா மனுஷனாகவே மதிக்க மாட்டார்.

இதற்கப்புறம்தான் ஏர் எடுப்பது. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் டீசல் இன்ஜின் மூச்சே விடாது, அதுதான் ஏர் லாக். ஃபில்டர் தலையில் இருக்கும் திருகை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, கைப்பம்பின் குமிழைத் திருகி விடுவித்து அடிக்க வேண்டும். முதல் சில அடிகளுக்குப் பம்பில் ஒன்றும் இருக்காது, வெறுங்கையாகப் போய்வரும். பிறகு திருகின் கழுத்தில் வெள்ளை நுரை புசுபுசுவென்று பொங்கும். இங்கேதான் எங்கள் இருவருக்குமான வசனம்.

"மாப்ள, ஏர் முச்சூடும் வந்துருச்சா?"

"இன்னும் நொரதானுங் மாமா."

"அப்ப அடி. நிறுத்துனா மறுக்கா முதல்ல இருந்துதான்."

அடிக்க அடிக்க நுரை பெரிய குமிழியாகும், குமிழிகள் இடைவெளி விட்டு வரும், ஒரு கட்டத்தில் பம்புக் குமிழ் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளும். அதே நொடியில் திருகிலிருந்து கண்ணாடியாகத் தெளிந்த டீசல் ஒரு இழையாக வழியும். அடித்துக்கொண்டே திருகை முறுக்கிவிட வேண்டும். உள்ளங்கைக்குத் தெரிகிற அந்த எதிர்ப்பு இருக்கிறதே, அதை நான் இன்றுவரை வேறு எந்த வேலையிலும் உணர்ந்ததில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த வருஷங்களில் ஒரு வேலை முடிந்துவிட்டது என்று கை ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியும் வண்டி எடுக்கவில்லை என்றால் நாசில் மேலுள்ள நட்டுகளை லேசாகத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் பீச்சுகிறதா என்று பார்த்து ஒவ்வொன்றாக முறுக்குவோம். முதலில் ஒரு இருமல், அப்புறம் ஒரு தடுமாற்றம், பிறகு நாலு சிலிண்டரும் சேர்ந்து பிடிக்கும். தெருவே புகை. மாமா இன்ஜின் மூடியைத் தட்டிக்கொடுப்பார். டீ வரும்.

இந்தக் காட்சியில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ரிங் ஸ்பேனர், நான் பின்பாக்கெட்டில் மூன்று வைத்திருப்பேன். பெண்கள் கல்லூரி பஸ் எங்கள் முக்கில் திரும்பும் நேரம் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்துக்குச் சரியாக வண்டிக்கு அடியிலிருந்து சறுக்கிக்கொண்டு வெளியே வருவேன், இரண்டு ஃபில்டரும் மேலேயே இருக்க எனக்கு அடியில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. நெற்றியில் குறுக்காக ஒரு கிரீஸ் கோடு தானாக விழாவிட்டால் நானே போட்டுக்கொள்வேன். பஸ்ஸிலிருந்து ஒருத்தியும் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அந்த பஸ்ஸில் போனவர்களில் ஒருத்தியைத்தான் பின்னால் கல்யாணம் செய்துகொண்டேன். கேட்டுப் பார்த்தேன், அந்த முக்கில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது என்பதாக மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது.

இப்போது என் மகன் வேன் வைத்திருக்கிறான். ஏசி, சாய்த்துக்கொள்ளும் சீட்டு, காமன் ரெயில் இன்ஜின், 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுக்க வந்துவிட்ட பிஎஸ் 6 விதிக்குட்பட்ட சுத்தபத்தமான வண்டி. ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும் என்று வண்டியே திரையில் எழுதிக் காட்டுகிறது. எழுதியதைப் பார்த்து நான் வேட்டியை மடித்துக்கொண்டு முன்பக்கம் போனால், "அப்பா, கை வெச்சுடாதீங்க, வாரண்டி போயிரும்" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. உள்ளபடிக்கு இன்றைய ஏர் ஃபில்டரைக் கழற்றுவது எங்கள் காலத்தைவிடச் சுலபம், நாலு கிளிப்போ நாலு திருகோதான். வேலை சுலபமாக ஆக ஆக அதைத் தொடும் உரிமை மட்டும் நமக்கு எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பதுதான் வேடிக்கை.

ஆனால் மகன் சொல்வதில் நியாயம் உண்டு என்பதையும் படித்துத் தெரிந்துகொண்டேன், தெரிந்துகொண்ட அன்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மாமா வேதமாகச் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் இன்று விலக்கப்பட்டவை. புது ஃபில்டருக்குள் டீசலை ஊற்றி மாட்டக் கூடாது. ஊற்றுகிற டீசல் வடிகட்டாத டீசல், அது காகிதத்தைத் தாண்டிய பக்கம் விழுந்தால் நேரே இன்ஜெக்டருக்குப் போய்விடும், அங்கே ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ள துகளே அதிகம். நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பீச்சவிட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். ஓடும்போது அந்தக் குழாய்க்குள் 1,600 பாருக்கு மேலே அழுத்தம், நம் சைக்கிள் டயரில் இருப்பது மூன்று நான்கு. அந்த இழை தோலைக் கிழித்து உள்ளே போய்விடும், ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஏர் எடுப்பதும் இல்லை. பல வண்டிகளில் சாவியைத் திருகி வைத்துக் கொஞ்சம் பொறுத்தால் டேங்கிலுள்ள மின்பம்பு தானே டீசலை நிரப்பிக்கொள்கிறது. உள்ளங்கைக்கு வேலை இல்லை.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அத்தனை சிரத்தையாக வடிகட்டிக் கொடுத்தது இன்ஜினுக்குத்தான்; இன்ஜின் வெளியே விட்டதை வடிகட்ட எங்கள் மூக்கைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. கொல்லிமலை ஏறும்போது பின்னால் வரும் பஸ்காரர் எங்களை ஏசிக்கொண்டேதான் வருவார். இன்றைய டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்க ஒரு ஃபில்டர், ஏசி காற்றுக்கு ஒரு ஃபில்டர் என்று பயணிகளுக்கும் ரோட்டுக்கும் சேர்த்து ஃபில்டர் வந்துவிட்டது. ஃபில்டர் கழுவிய டீசலை நாங்கள் வேப்பமரத்தடியில் ஊற்றிய இடத்தில் பத்து வருஷம் புல் முளைக்கவில்லை, மரம் மட்டும் பெரிய மனசு பண்ணி நின்றது. அந்தக் காலம் பொன்னானது என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவேன், ஆனால் பேரக்குழந்தையை மகனின் வண்டியில்தான் ஏற்றிவிடுவேன்.

டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலின் இன்ஜின் ஒன்றை 1900இல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்று ஒருமுறை மாமாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்படியே உட்டிருந்தா, நம்மூரு செக்குக்காரங்கதான் பங்க் வெச்சிருப்பாங்க. ஃபில்டர்ல புண்ணாக்கு வந்திருக்கும். மாட்டுக்காவது ஆயிருக்கும்" என்றார். தரம் உயர்ந்த டீசல் விலை லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிய பிறகு செக்கெண்ணெய் யோசனை எனக்கு அவ்வளவு சிரிப்பாகத் தெரியவில்லை.

போன முறை சர்வீசுக்கு மகனோடு நானும் போயிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபா, காபி மெஷின்; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம் வண்டி, அதைச் சுற்றிக் கையுறை போட்ட பிள்ளைகள். பில்லில் ஃபில்டர் தனி, கூலி தனி, கை துடைத்த துணி தனி. பழைய ஃபில்டரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு சார்?" என்றான் அந்தத் தம்பி, உண்மையாகவே புரியாமல். கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள், அதைக் குறை சொல்லக் கூடாது. அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். சோபாவில் உட்கார்ந்து ஏர் ஃபில்டரின் மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தேன். நடுவில் செம்மண், ஓரத்தில் சாம்பல் நிறம், ஒரு மூலையில் நசுங்கிய வண்ணத்துப்பூச்சியின் பாதிச் சிறகு. "தோட்டத்துப் பக்கம் நிறைய ஓட்டியிருக்கீங்க போல" என்று மகனிடம் சொன்னேன். வண்டியில் ஜிபிஎஸ் இருப்பதை அவன் எனக்கு நினைவூட்டினான். அந்தத் தம்பி மட்டும் குனிந்து, "எப்படிங் சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான், பக்கத்தில் உட்காரவைத்து நிறத்துக்கு நிறம் சொல்லிக் கொடுத்தேன், காபி ஆறும்வரை.

ஒன்றே ஒன்று மட்டும் நம் கைக்கு மிச்சம் வைத்திருக்கிறார்கள். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இன்றைய வண்டிகளிலும் உண்டு. தண்ணீர் சேர்ந்துவிட்டால் முன்பலகையில் விளக்கு எரியும். எரிந்தால் பரவாயில்லை என்று ஓட்டாதீர்கள், தண்ணீர் உள்ளே போனால் பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்து லட்சத்தில் செலவு வைக்கும். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்னபடி அந்தத் திருகைத் தளர்த்திக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் நின்று டீசல் வந்ததும் முறுக்கிவிடுங்கள். எங்கள் வண்டிக் கையேட்டில் இதை உரிமையாளரே செய்யலாம் என்று அச்சடித்தே போட்டிருக்கிறார்கள். வாரண்டி போகாது; மகனிடம் பக்கத்தை மடித்துக் காட்டிவிட்டேன்.